ஒரு ரூபாய் கூடினால் 976 ரூபாய்

கோடை விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலையூர்களில் அறை தேடும் குடும்பங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வாடகை உள்ள அறைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) 5 சதவீதம். வரி 375 ரூபாயும் சேர்த்து 7,875 ரூபாய் கட்ட வேண்டும். அதே அறைக்கு விடுதிக்காரர் ஒரே ஒரு ரூபாயைக் கூட்டி 7,501 என்று வைத்தால் வரி 18 சதவீதம் ஆகிவிடுகிறது. கட்ட வேண்டியது 8,851 ரூபாய். விடுதிக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு ரூபாய். குடும்பத்தின் கையிலிருந்து கூடுதலாகப் போனது 976 ரூபாய்.

கணக்கில் பிழை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நாடு முழுவதும் இதுதான் சட்டம். அன்று நடைமுறைக்கு வந்த வரிச் சீர்திருத்தத்தைத் தீபாவளிப் பரிசு என்று சொல்லி ஒன்றிய அரசு மக்களிடம் கொண்டுவந்தது. 7,500 ரூபாய் வரையான அறைகளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமானது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இடைவெளி அதே நாளில் 6 புள்ளியிலிருந்து 13 புள்ளியாக விரிந்தது. முன்பு 7,500 ரூபாயைத் தாண்டி ஒரு ரூபாய் வைத்தால் 451 ரூபாய் கூடியது. இப்போது 976. பரிசு கொடுத்த கையே பள்ளத்தையும் ஆழமாக வெட்டிவிட்டது.

இந்தப் பள்ளத்தில் விழப்போகிறவர்கள் யார் என்று பாருங்கள். பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை 6,000 ரூபாய்க்குக் கிடைக்கும் அறை மே மாதத்தில் 8,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று இரவுக்கு, பிப்ரவரியில் வாடகை 18,000, வரி 900. மே மாதத்தில் வாடகை 24,000, வரி 4,320. வாடகை கூடியது மூன்றில் ஒரு பங்கு. வரி கூடியது ஏறக்குறைய ஐந்து மடங்கு. பிப்ரவரியில் ஊட்டிக்குப் போக முடிகிறவர்கள் பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாதவர்கள், விடுப்பைத் தங்கள் விருப்பப்படி எடுத்துக்கொள்ளும் நிலையில் உள்ளவர்கள். பிள்ளைகள் உள்ள சம்பளக்காரக் குடும்பத்துக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பள்ளிக்கு எப்போது விடுமுறை என்று தீர்மானிப்பது அரசு. அதனால் எல்லாரும் ஒரே மாதத்தில் கிளம்புகிறார்கள், கூட்டம் குவிகிறது, வாடகை ஏறுகிறது, ஏறிய வாடகை 7,500-ஐத் தாண்டுகிறது, தாண்டியதும் அரசின் பங்கு பல மடங்காகிறது. விடுமுறைக்காலக் கொள்ளை என்று விடுதிக்காரர்களைத் திட்டுகிறோம். அந்தக் கூடுதல் பணத்தில் அரசுக்குப் போகும் பங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

7,500 என்ற எண் 2017 ஜூலை 1 அன்று, இந்த வரி பிறந்த நாளிலேயே வந்தது. அன்று 1,000 ரூபாய்க்குக் கீழே உள்ள அறைக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12, 18 என்று ஏறி, 7,500-ஐத் தொட்டால் 28 சதவீதம். 2019 அக்டோபரில் அந்த 28 சதவீதம் 18 ஆனது. விகிதங்கள் பலமுறை மாறின. 7,500 மட்டும் அசையவே இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் டீசல் விலை, கூலி, கட்டுமானச் செலவு, மின்கட்டணம் என்று எதுவும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2017-இல் நட்சத்திர விடுதியைக் குறிவைத்துப் போட்ட கோடு, இன்று மே மாதச் சனிக்கிழமையன்று நடுத்தர விடுதியின் வாசலில் வந்து நிற்கிறது. நாடாளுமன்றத்தில் விவாதம் எதுவும் இல்லாமல், எந்த அறிவிப்பும் இல்லாமல், விலைவாசியே ஆண்டுதோறும் இன்னும் பல அறைகளை மேல் விகிதத்துக்குத் தள்ளிவிடும். கவலைக்குரியது இதுதான்: யாரும் உயர்த்தாமலேயே உயரும் வரி இது.

கோட்டின் விளைவு அறையோடு நிற்பதில்லை. சாப்பாட்டு மேசைக்கும் வருகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள விதியின்படி, ஒரு விடுதியில் முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறை, ஏதாவது ஒரு நாள், 7,500 ரூபாய்க்கு மேல் விலைபோயிருந்தால், அந்த வளாகத்தில் உள்ள உணவகம் இந்த ஆண்டு முழுவதும் 18 சதவீத வரி வாங்க வேண்டும். புத்தாண்டு இரவில் ஒரே ஓர் அறையை 8,000 ரூபாய்க்குக் கொடுத்த விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிதியாண்டின் ஆடி மாதத்தில், 3,000 ரூபாய் அறையில் தங்கி, காலையில் கீழே இறங்கிவந்து இட்லியும் பொங்கலும் சாப்பிடுகிறவர் அதற்கு 18 சதவீதம் கொடுப்பார். தெருவின் எதிர்ப்பக்கத்து உணவகத்தில் அதே இட்லிக்கு 5 சதவீதம். எந்த நியாயத்தின் பேரில் இந்த வேறுபாடு என்று கேட்டால் சட்டப்பிரிவு எண்தான் பதிலாக வரும்.

சரி, 7,500-க்குக் கீழே தங்குகிறவர்களாவது தப்பித்தார்களா? ரசீதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ரசீதில் தெரியாத ஒன்று இருக்கிறது. 12 சதவீதமாக இருந்தபோது விடுதிக்காரர் தான் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியை, அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். உள்ளீட்டு வரி வரவு என்று அதற்குப் பெயர். 5 சதவீதத்துக்கு இறக்கியபோது அந்த வரவு பறிக்கப்பட்டது. வேண்டுமானால் கூடுதல் விகிதம் கட்டி வரவை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் வாய்ப்பும் விடுதிக்குக் கிடையாது; 5 சதவீதம் கட்டாயம்.

விளைவைக் கணக்காகவே பார்ப்போம். 6,000 ரூபாய் அறைக்கு முன்பு வரி 720, இப்போது 300. விருந்தினருக்கு மிச்சம் 420 ரூபாய். அந்த அறை முன்பதிவுச் செயலி வழியாக விற்றது என்றும், செயலி எடுத்துக்கொள்ளும் தரகு 20 சதவீதம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தரகு 1,200 ரூபாய். அதன் மேல் 18 சதவீத வரி 216 ரூபாய். முன்பு இந்த 216 ரூபாயை விடுதிக்காரர் வரவு எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது அது அவர் தலையில் விழும் செலவு. இது ஒரே ஓர் இனம்தான். கட்டட வாடகை, துப்புரவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி, சலவை, பழுதுபார்ப்பு, தணிக்கையாளர் கட்டணம் என்று 18 சதவீதத்தில் வருபவை இன்னும் பல. இத்தனையையும் விடுதிக்காரர் தன் சட்டைப்பையிலிருந்து ஏற்பார் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியம் அல்ல. அடுத்த முறை வாடகை அட்டையைத் திருத்தும்போது அது வாடகைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ரசீதில் வரி 5 சதவீதம் என்றுதான் இருக்கும். வாடகைக்குள் புதைந்த வரியை விருந்தினர் எந்தக் காலத்திலும் பார்க்க மாட்டார்.

அதோடு, சனிக்கிழமை 8,000-க்கும் செவ்வாய்க்கிழமை 5,000-க்கும் விற்கும் ஒரே அறைக்கு இரண்டு வரிமுறை. சனிக்கிழமைக்கு வரவு உண்டு, செவ்வாய்க்கு இல்லை. வாங்கிய சோப்புக் கட்டியில் எத்தனை பங்கு சனிக்கிழமைக்கு, எத்தனை செவ்வாய்க்கு என்று விகிதம் பிரித்துக் கணக்கு எழுத வேண்டும். சங்கிலி விடுதிகளுக்குக் கணக்குப் பிரிவு இருக்கிறது. இருபது அறை வைத்து நடத்தும் கோத்தகிரிக்காரருக்கு யார் இருக்கிறார்கள்?

வரி குறைப்பின் பலன் மக்களிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஒரு வாசல் இருந்தது. வரி குறைந்தும் விலையைக் குறைக்காதவர்கள் மீது புகார் செய்ய ஜிஎஸ்டி சட்டத்தின் 171-ஆம் பிரிவு வழிசெய்தது. 2017-இல் அதற்கென்று ஆணையம் அமைந்தது. 2022 டிசம்பரில் அந்தப் பணி இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. பிறகு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகார்களே ஏற்கப்பட மாட்டா என்று ஒன்றிய அரசு அறிவிக்கை போட்டு வாசலை அடைத்தது. அடைத்து ஆறு மாதம் முடிவதற்குள், பல நூறு பொருள்களுக்கும் சேவைகளுக்கும் விகிதத்தை மாற்றியது. மக்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிடலாம் என்றார்கள். கூப்பிடலாம், பதிவு செய்துகொள்வார்கள், நிறுவனத்துக்கும் அனுப்பிவைப்பார்கள். விசாரித்து, கணக்குப் புத்தகத்தை வரவழைத்து, அதிகம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஆணையிடும் அதிகாரம் அந்தத் தொலைபேசிக்கு இல்லை. இத்தனை பெரிய விகித மாற்றத்துக்குச் சற்று முன்பாகக் காவலை எடுத்தது வெறும் நிர்வாகத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

உல்லாசப் பயணம் போகிறவர்கள் வரி கட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அரசுக்குப் பணம் வேண்டும்தான். மலையூர்களின் சாலைக்கும் குப்பைக்கும் குடிநீருக்கும் செலவு ஆகிறது, அதைப் பயணிகள் ஏற்பதில் தவறில்லை. ஆனால் அறை எடுப்பவர் எல்லாரும் உல்லாசப் பயணி என்று நினைப்பது ஊர் அறியாதவர் பேச்சு. வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜுகளில் தங்கியிருப்பவர்களைப் போய்ப் பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, ஒரே அறையில் மூன்று பேர், நான்கு பேர் என்று வாரக்கணக்கில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு சிகிச்சைக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களது அறை 1,000 ரூபாய்க்குக் கீழே. 2022 ஜூலை 17 வரை அந்த அறைக்கு வரி இல்லை. மறுநாள் 12 சதவீதம் வந்தது. 900 ரூபாய் அறைக்கு நாளொன்றுக்கு 108 ரூபாய். இப்போது 5 சதவீதம், 45 ரூபாய். 'குறைத்துவிட்டோம்' என்று சொல்வது 108-ஐ வைத்துப் பார்த்தால் சரி. பூஜ்யத்தை வைத்துப் பார்த்தால் ஒரு மாதத்துக்கு 1,350 ரூபாய் புதிய சுமை. தொடர்ந்து 90 நாள் தங்கினால், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் வரையான தங்குமிடத்துக்கு 2024 ஜூலை முதல் விலக்கு இருக்கிறது. மாணவர் விடுதிகளையும் வேலைக்குப் போகிறவர்களின் விடுதிகளையும் மனத்தில் வைத்து வந்த சலுகை அது. நாற்பது நாள் சிகிச்சைக்கு வந்தவருக்கு அது உதவாது.

கோயில் ஊர்களிலும் இதே கதைதான். அறக்கட்டளை நடத்தும் சத்திரத்தில் 1,000 ரூபாய்க்குள் அறை கிடைத்தால் வரி இல்லை. திருச்செந்தூரில் கந்தசஷ்டிக்கும் பழநியில் தைப்பூசத்துக்கும் சத்திரத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்காதவர் பக்கத்து லாட்ஜுக்குப் போனால் வரி உண்டு. வேலைக்கான தேர்வு எழுத வருகிறவரும், துக்கத்துக்கு வருகிறவரும் இதே வரியைத்தான் கட்டுகிறார்கள்.

இனி, எப்படி முன்பதிவு செய்கிறோம் என்பதைப் பொறுத்தே வரி மாறுவதைப் பார்ப்போம். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு விடுதி ஜிஎஸ்டியில் பதிய வேண்டியதில்லை. நேரில் போய் அறை எடுத்தாலோ, தொலைபேசியில் பேசிப் பதிவு செய்தாலோ வரி இல்லை. அதே அறையைச் செயலி வழியாக எடுத்தால், விடுதிக்குப் பதிலாகச் செயலி நிறுவனமே வரியை வாங்கிக் கட்ட வேண்டும் என்கிறது சட்டம். அறை அதேதான், கட்டில் அதேதான். வந்த வழிக்கு வரி. பேருந்திலும் அப்படியே. குளிர்சாதனம் இல்லாத ஆம்னி பஸ்ஸில் நிலையத்து அலுவலகத்தில் சீட்டு வாங்கினால் வரி இல்லை. கம்பெனியாகப் பதியாத உரிமையாளரின் அதே பஸ்ஸில், 2022 ஜனவரி 1-க்குப் பிறகு, செயலியில் வாங்கினால் 5 சதவீதம். ஆட்டோவுக்கும் இந்த விதி வந்தது. செயலி நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி செல்லலாம். நேரில் போய் வரிசையில் நிற்க முடியாதவர், வெளியூரிலிருந்து சீட்டு எடுக்க வேண்டியவர், இரவில் தனியாகப் பேருந்து நிலையத்துக்குப் போகத் தயங்கும் பெண் ஆகியோர்தான் செயலியை அதிகம் நம்புகிறார்கள். பணமில்லாப் பரிமாற்றத்துக்கு வாருங்கள் என்று அழைத்துவிட்டு, வந்தவருக்கு வரி போடுவது எந்த ஊர் விருந்தோம்பல்?

ரயிலில் சங்கதி சிறியதுதான். ஆனாலும் சொல்ல வேண்டும். தூங்கும் வசதிப் பெட்டிக்கு வரி இல்லை, குளிர்சாதனப் பெட்டிக்கு 5 சதவீதம். வரியில்லாத தூங்கும் வசதிச் சீட்டை இணையத்தில் எடுத்தாலும் 15 ரூபாய் வரை வசதிக் கட்டணம், அதன் மேல் 18 சதவீதம் வரி, ஆக 17 ரூபாய் 70 காசு வரை. குளிர்சாதனப் பெட்டிச் சீட்டை ரத்து செய்தால் பிடித்துக்கொள்ளும் தொகைக்கும் 5 சதவீதம் வரி உண்டு என்று நிதி அமைச்சகம் 2022 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. வீட்டில் யாருக்கோ காய்ச்சல், பயணம் நின்றுபோனது. போகாத பயணத்துக்கும் வரி.

விமானத்துக்கு வருவோம், தமிழ்நாடு அரசு பதில் சொல்ல வேண்டிய இடம் இது. சாதாரண வகுப்புச் சீட்டுக்கு 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 2025 செப்டம்பரிலிருந்து 18 சதவீதம். சீட்டில் தெரிவது இவ்வளவே. விமான எரிபொருளோ பெட்ரோல், டீசல்போல ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கிறது. ஒன்றிய அரசு 11 சதவீதக் கலால் வரி வாங்குகிறது. அதன் மேல் மாநிலங்கள் மதிப்புக் கூட்டு வரி வாங்குகின்றன. சலுகைத் தடங்கள் நீங்கலாக, தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கணக்காக 29 சதவீதம். நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. 2021-க்குப் பிறகு பல மாநிலங்கள் 20, 30 சதவீதத்தில் இருந்த வரியை 5-க்கும் அதற்குக் கீழேயும் இறக்கிவிட்டன. விமான நிறுவனத்தின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிபொருள்தான். அதில் கட்டிய மாநில வரிக்கு எந்த வரவும் கிடையாது. அது அப்படியே கட்டணத்துக்குள் போகிறது; வரி புகுந்த அந்தக் கட்டணத்தின் மேல் மறுபடியும் 5 சதவீதம். எரிபொருளை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரும் யோசனை 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி மன்றத்தில் எழுந்தது, மாநிலங்கள் ஒப்பவில்லை. வருவாய் போய்விடும் என்ற அச்சம் புரிகிறது. ஒன்றிய அரசு ஏற்கெனவே மாநிலங்களின் வரிவிதிக்கும் உரிமையில் பெரும் பங்கை எடுத்துக்கொண்ட நிலையில், மிச்சம் இருப்பதையும் கொடு என்றால் எந்த மாநிலமும் தயங்கும். ஜிஎஸ்டிக்குள் கொடுக்க வேண்டாம், விகிதத்தைக் குறைக்கலாமே. அது முழுக்கத் தமிழ்நாட்டின் கையில் உள்ள அதிகாரம். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் திருச்சிக்கும் விமானங்கள் கூட வேண்டும் என்று மேடையில் கேட்டுக்கொண்டே, கீழே எரிபொருளுக்கு 29 சதவீதம் வாங்கிக்கொண்டிருப்பது பொருந்தாது.

டீசலுக்கும் இதே நிலைதான். பேருந்தும் வாடகைக் காரும் ஓட்டுகிறவர் டீசலில் கட்டும் வரி எங்கும் கழியாது. தீபாவளிக்கு ஆம்னி பஸ் கட்டணம் இரட்டிப்பானால், குளிர்சாதன இருக்கைக்கான 5 சதவீத வரியும் தானாக இரட்டிப்பாகிறது. கட்டண உயர்வைக் கண்டிக்கும் அறிக்கை ஒரு துறையிலிருந்து வருகிறது. அந்த உயர்விலிருந்து வரி இன்னொரு துறைக்குப் போகிறது.

சுற்றுலா நடத்துநரிடம் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகக் கட்டுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது நம் கருத்து. முதியவர்கள், முதன்முறையாக வெளிமாநிலம் போகிறவர்கள், காசி–ராமேசுவரம் யாத்திரைக் குழுவில் சேர்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகிறார்கள். நடத்துநர் மொத்தத் தொகையில் 5 சதவீதம் வாங்கிக் கட்டலாம். ஆனால் விடுதிக்கும் வண்டிக்கும் அவர் கட்டிய வரியை வரவு எடுக்க முடியாது. 8,000 ரூபாய் அறை அவருக்கு 18 சதவீதத்தோடு 9,440 ரூபாய்க்கு வருகிறது. அந்த 9,440-ஐத் தொகுப்பில் சேர்த்து அதன் மேல் 5 சதவீதம் போட்டால் 9,912. அறையின் மேல் விழுந்த வரி 23.9 சதவீதம். வரியின் மேல் வரி விழுவதை ஒழிப்பதற்காகத்தான் ஜிஎஸ்டி என்று 2017 ஜூன் 30 நள்ளிரவில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் விழா எடுத்தார்கள். பயணத் துறையில் அந்த வாக்குறுதி உயிரோடு இல்லை. தாய்லாந்தில் மதிப்புக் கூட்டு வரி 7 சதவீதம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் மூணாறுக்கும் பாங்காக்குக்கும் செலவை ஒப்பிட்டுப் பார்த்து பாங்காக் விமானத்தில் ஏறினால் அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. இழப்பு மூணாறில் ஜீப் ஓட்டுகிறவருக்கும், தேக்கடியில் ஏலக்காய் விற்கிறவருக்கும், இருபது அறை விடுதியில் படுக்கை விரிக்கிறவருக்கும்தான்.

இத்தனை அடுக்கையும் பயணி எப்போது பார்க்கிறார்? பணம் கட்டும் கடைசித் திரையில். செயலியில் முதலில் பெரிய எழுத்தில் ஒரு விலை. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'வரியும் கட்டணமும் தனி'. பெயர், வயது, தேதி எல்லாம் நிரப்பி, பிள்ளைகளிடமும் சொல்லிவிட்ட பிறகு உண்மைத் தொகை வருகிறது. அந்த நிலையில் பின்வாங்குகிறவர்கள் குறைவு. விலையை இப்படிச் சொட்டுச் சொட்டாக வெளியிடுவது, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. தடை இருக்கிறது, நடைமுறை மாறவில்லை. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில்கூட 'அனைத்து வரிகளும் உட்பட' என்று விலை அச்சிட வேண்டும் என்கிறது நம் நாட்டுச் சட்டம். முப்பதாயிரம் ரூபாய் பயணத்துக்கு ஏன் அந்தக் கட்டாயம் இல்லை? வரியும் கட்டணமும் சேர்ந்த முழுத் தொகையே முதல் திரையில் வர வேண்டும். விகிதத்தில் ஒரு புள்ளிகூட மாற்றாமல், ஒரு ரூபாய் வருவாய் இழக்காமல் அரசு நாளையே செய்யக்கூடியது இது.

ஜிஎஸ்டி மன்றம் செய்ய வேண்டியது மூன்று. 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள பகுதிக்கு மட்டும் 18 சதவீதம் என்று மாற்றினால் 7,501 ரூபாய் அறைக்குக் கூடுவது காசுக் கணக்கில் நின்றுவிடும். வருமான வரியில் நாம் பல காலமாகக் கடைப்பிடிக்கும் முறைதான். அந்த வரம்பு விலைவாசியோடு சேர்ந்து ஆண்டுதோறும் நகர வேண்டும். 1,000 ரூபாய்க்குள் உள்ள அறைக்குப் பழைய விலக்கு திரும்ப வேண்டும். வரவு வேண்டும் என்கிற விடுதிக்கு வரவுள்ள விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், பலன் கிடைக்காத நுகர்வோருக்குப் புகார் வாசலும் இவற்றோடு சேர்ந்து வராவிட்டால் அடுத்த வரி குறைப்பும் வாடகைக்குள் மறைந்துபோகும். மன்றத்தில் ஒன்றிய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். தமிழ்நாடு தனியாக எதையும் மாற்ற முடியாது. கேரளம், இமாச்சலம், கோவா, ராஜஸ்தான் போன்ற சுற்றுலா மாநிலங்களை ஒன்றுசேர்த்துக் கேட்க முடியும்.

அதுவரை பயணிகள் தங்கள் உரிமையில் ஒன்றையாவது விடாமல் கேட்டு வாங்க வேண்டும். விமானச் சீட்டை ரத்து செய்தாலோ, போக முடியாமல் போனாலோ, கட்டணம் திரும்பாத சலுகைச் சீட்டாகவே இருந்தாலும், சட்டப்படியான வரிகளையும் விமான நிலையப் பயனாளர் கட்டணத்தையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. கேட்காதவர்களின் பணம் நிறுவனங்களிடமே தங்கிவிடுகிறது. விமான எரிபொருள் மீதான 29 சதவீதத்தைப் பொறுத்தவரை டெல்லியின் அனுமதிக்கோ மன்றத்தின் கூட்டத்துக்கோ காத்திருக்க வேண்டியதில்லை. கோட்டையிலிருந்து ஓர் அறிவிக்கை போதும். கோடைப் பயணங்களுக்கான முன்பதிவு சூடுபிடிப்பதற்குள் அது வர வேண்டும்.